ஜி.டி. நாயுடுவை எப்படி நினைவுகூர்வது: கோயம்புத்தூர் தொழில் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

கோயம்புத்தூரில் தொழில் அமைப்புகளை நடத்திவரும் மதிப்பிற்குரிய தலைவர்களுக்கும், செயலாளர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்தில் தொடங்கி கோல்டுவின்ஸ் வரை பத்துக் கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக நீளும் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறக்கப்பட்டு, அதற்கு இந்த ஊரின் கண்டுபிடிப்பாளரும் தொழில் முன்னோடியுமான ஜி.டி. நாயுடுவின் பெயர் சூட்டப்பட்டபோது, இந்த ஊரில் இயந்திரத்தோடு பிழைக்கும் எவருக்கும் அது தம் வீட்டுப் பெரியவருக்குக் கிடைத்த மரியாதையாகவே தோன்றியது. பெயரில் உள்ள 'நாயுடு' என்ற சாதிப் பின்னொட்டு குறித்து அப்போது எழுந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. அதற்குரிய இடம் இதுவன்று. பெயர் சூட்டுவது அரசின் வேலை, அதை அரசு செய்துவிட்டது. தொழில் அமைப்புகளாகிய தங்களுடைய வேலை எது என்பதைக் குறித்து, ஒரு சிறு பட்டறை நடத்துபவன் என்ற முறையில் சில வார்த்தைகள் எழுத விரும்பியே இந்த மடலை வரைகிறேன்.

நாயுடுவைப் பற்றி நம் மேடைகளில் பேசப்படும்போதெல்லாம் ஒரு பட்டியல் வாசிக்கப்படுகிறது. ஜெர்மனிக்குப் போய்வந்த பிறகு உருவான ரசன்ட் சவரக்கருவி, மின்மோட்டார், கேமராக்கள் மீதிருந்த மோகம், விதவிதமான பப்பாளியும் பருத்தியும் விளைந்த அவருடைய பண்ணை என்று அந்தப் பட்டியல் நீளும். இறுதியில் 'இந்தியாவின் எடிசன்' என்ற பட்டத்தோடு முடியும். இவற்றில் எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரைப் பொருள்களின் வரிசையாக மாற்றிவிட்டால் அவரைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்ற வசதி நமக்குக் கிடைத்துவிடுகிறது. அவர் யாரால் வளர்க்கப்பட்டார், யாரை வளர்த்தார், எப்படி வளர்த்தார் என்ற கேள்விகள் அந்தப் பட்டியலில் இல்லை. என் பார்வையில், அவர் இந்த ஊருக்கு விட்டுச் சென்றவற்றில் மிகப் பெரியது அந்தக் கேள்விகளின் விடைகளில்தான் இருக்கிறது.

முதலில் அவர் எப்படி வளர்க்கப்பட்டார் என்பதைப் பார்ப்போம். கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள கலங்கல் கிராமத்தில் 1893 மார்ச் 23 அன்று பிறந்த துரைசாமிக்கு, அதாவது நம் நாயுடுவுக்கு, பள்ளிக்கூடம் ஒட்டவில்லை. தொடக்க வகுப்புகளோடு படிப்பு நின்றது. ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்துவிட்டு, அதை எப்படியாவது வாங்கியே தீர வேண்டும் என்ற ஆசையில் ஊரை விட்டு வந்து உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்ததும், வாங்கிய வண்டியை ஓட்டி மகிழ்வதற்கு மாறாக அக்கக்காகப் பிரித்து மீண்டும் பூட்டிப் பார்த்ததும் இந்த ஊரில் எல்லோரும் அறிந்த கதை. அதற்கு அடுத்த பகுதியை நாம் அவ்வளவாகச் சொல்வதில்லை. முதல் உலகப் போர்க் காலத்தில் பருத்தி வணிகத்தில் இறங்கினார், சம்பாதித்தார், அதைவிட வேகமாக இழந்தார். கையில் முதலீடு இல்லாமல், சான்றிதழ் இல்லாமல், தோற்றுப்போன வணிகர் என்ற பெயரோடு நின்ற ஓர் இளைஞர் அவர்.

அந்த இளைஞருக்கு ஒரு பேருந்து வாங்குவதற்குக் கடன் கொடுத்து உதவியவர் ராபர்ட் ஸ்டேன்ஸ். 1862-இல் இந்த ஊரில் பள்ளி தொடங்கியவர், 1888-இல் கோயம்புத்தூரின் முதல் நூற்பாலையை நிறுவியவர், அப்போது எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர். அவர் எதை நம்பிக் கொடுத்தார் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இன்றைய வங்கி மேலாளர் ஒருவர் முன் அந்த விண்ணப்பம் வந்திருந்தால் கடனைத் திருப்பிய வரலாற்றைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணைப் பார்த்த நொடியிலேயே அது மேசையின் மறுபக்கத்துக்குத் திரும்பியிருக்கும். ஈடு என்ன, வரவு செலவுக் கணக்கு எங்கே, முந்தைய தொழில் ஏன் நொடித்தது என்ற கேள்விகளுக்கு அந்த இளைஞரிடம் ஒழுங்கான பதில் இருந்திருக்காது. ஸ்டேன்ஸ் கணக்கில் எடுத்துக்கொண்டது அவருடைய கைத்திறனையும், ஓர் இயந்திரத்தைப் பிரித்தால் பூட்டத் தெரிந்தவன் என்ற உண்மையையும்தான். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே அந்தப் பேருந்து ஓடத் தொடங்கியது, முதலாளியே ஓட்டுநர். அந்த ஒற்றை வண்டியிலிருந்து வளர்ந்த யூனிவர்சல் மோட்டார் சர்வீஸ், சில ஆண்டுகளுக்குள் நாட்டின் பெரிய பேருந்து நிறுவனங்களில் ஒன்றானது.

அந்தக் கடனைக் கருணை என்று சொல்லிக் கடந்துவிடுவது ஸ்டேன்ஸுக்கும் நியாயமன்று, நாயுடுவுக்கும் நியாயமன்று. ஆளை அறிந்தவர் ஆளை நம்பிச் செய்த தொழில் முடிவு அது. அரசின் கடன் உத்தரவாத நிதியம் 2000-ஆம் ஆண்டிலிருந்து ஈடில்லாக் கடனுக்கு வழி செய்திருக்கிறது என்பது உண்மையே. அதனால் பலன் பெற்றவர்கள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். ஆயினும் அந்தத் திட்டம் நட்டத்தை ஈடுசெய்யுமே தவிர, விண்ணப்பித்தவனின் கை எப்படிப்பட்டது என்பதை அறிந்து சொல்லாது. அதை அறிந்தவர்கள் தங்கள் உறுப்பினர்கள். இன்னார் வேலை சுத்தமாக இருக்கும், இன்னார் சொன்ன தேதிக்குப் பொருளைக் கொடுப்பார் என்பதெல்லாம் ஆவாரம்பாளையம், கணபதி போன்ற தொழிற்பகுதிகளில் உள்ள ஒவ்வொரு கொள்முதல் மேலாளருக்கும் மனப்பாடம். அந்த அறிவு எந்த வங்கியின் கோப்பிலும் ஏறுவதில்லை.

இனி அவர் யாரை வளர்த்தார் என்பது. பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் செயல்படத் தொடங்கியதும் கோயம்புத்தூரின் தலையெழுத்து மாறியது. மின்சாரம் வந்ததால் ஆலைகள் பெருகின, கிணறுகளுக்கு மின்மோட்டாரும் பம்ப்செட்டும் தேவைப்பட்டன, வெளிநாட்டிலிருந்து வந்த மோட்டார் பழுதானால் அதைச் சரிசெய்ய ஆள் தேவைப்பட்டது. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து 1937-இல் உருவாக்கிய மோட்டாரை, இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் என்று இந்த ஊர் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. எனக்கு அந்த முதன்மைப் பெருமையைவிட முக்கியமாகத் தோன்றுவது அதன் பின்கதை. பாலசுந்தரம் பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தை உருவாக்கினார். அங்கே வேலை பழகியவர்கள் தனித்தனியே பட்டறை வைத்தார்கள். அந்தப் பட்டறைகளில் பழகியவர்கள் மேலும் பட்டறைகள் வைத்தார்கள். கூட்டாளி பிரிந்துபோய்த் தனித்தொழில் தொடங்குவதைத் துரோகமாகக் கருதும் ஊராக இது இருந்திருந்தால், இன்று நாட்டுக்கே பம்பும் மோட்டாரும் அனுப்பும் நகரமாக வளர்ந்திருக்காது. வேலை கற்றவன் ஒரு நாள் வெளியே போவான், போகத்தான் வேண்டும் என்ற மனநிலையை இந்த ஊர் அந்தத் தலைமுறையிடமிருந்துதான் பெற்றது என்று நான் கருதுகிறேன்.

1945-இல் நாயுடுவின் கொடையையும் முயற்சியையும் கொண்டு, அன்றைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியும் பாலிடெக்னிக்கும் தொடங்கப்பட்டன. பள்ளிப் படிப்பை முடிக்காத மனிதரே அந்தப் பொறியியல் கல்லூரியின் முதல் முதல்வராக அமர்ந்தார் என்பது இந்திய உயர்கல்வி வரலாற்றில் அரிய செய்தி. அந்தக் கல்லூரி பின்னர் தடாகம் சாலைக்கு இடம் மாறி, இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியாக விளங்குகிறது. கல்லூரி போன பிறகும் பேருந்து நிறுத்தத்தின் பெயரில் 'ஹோப் காலேஜ்' தங்கிவிட்டது. புதிய மேம்பாலத்தின் மீது விரைவோரில் எத்தனை பேருக்கு, கீழே இருக்கும் அந்த நிறுத்தமும் மேலே இருக்கும் பாலத்தின் பெயரும் ஒரே மனிதரின் கதையைச் சேர்ந்தவை என்பது தெரியும் என்று எனக்கு ஐயமாக இருக்கிறது.

அந்தக் கல்லூரியில் அவர் நீடிக்கவில்லை. நான்கு ஆண்டுப் பொறியியல் படிப்பு நேர விரயம், முறையாகக் கற்றுக்கொடுத்தால் அதில் பாதிக் காலம் போதும் என்பது அவருடைய உறுதியான கருத்து. அரசு அதை ஏற்கவில்லை, அவர் விலகினார். இந்த வழக்கில் நான் முழுக்க அவர் பக்கம் இல்லை. ஓர் இயந்திரத்தை ஓட்டவும் பழுது பார்க்கவும் சில மாதங்களில் ஒருவனைத் தயார்செய்ய முடியும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் ஒரு சுழலும் தண்டு ஏன் குறிப்பிட்ட இடத்தில் களைத்து முறிகிறது, வார்ப்படத்தில் தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் சேரும் இடத்தில் ஏன் குழி விழுகிறது என்பதையெல்லாம் கணக்குப் போட்டு முன்கூட்டியே சொல்வதற்கு வேண்டிய கணிதமும் பொருளியல்பு அறிவும் அவசரத்தில் வருவதில்லை. அதற்கு நிதானமான படிப்பு வேண்டும். எனினும் அவருடைய கோபத்தின் வேரில் இருந்த கேள்வி இன்றும் அப்படியேதான் நிற்கிறது. நான்கு ஆண்டு படித்து வெளியே வரும் மாணவன் கையில் வெர்னியர் அளவுகருவியைக் கொடுத்தால் அளக்கத் தயங்குகிறான் என்று தங்கள் கூட்டங்களில் தலைவர்கள் ஆண்டுதோறும் குறைப்பட்டுக்கொள்வதை நான் கேட்டிருக்கிறேன். நாயுடு குறை சொன்னதோடு நிற்கவில்லை, தன் பணத்தைப் போட்டு வேறொரு வழியைச் சோதித்துப் பார்த்தார். அவர் பெயரிலான அறக்கட்டளை இன்றும் தொழிற்பயிற்சி நிறுவனத்தை நடத்திவருகிறது என்பதையும் இங்கே நன்றியோடு சொல்ல வேண்டும். ஒரு குடும்பத்தின் அறக்கட்டளை செய்வதை ஊரின் தொழில் அமைப்புகள் எல்லாம் சேர்ந்து ஏன் பெரிய அளவில் செய்யவில்லை என்பதே என் கேள்வி.

பயிற்சி நடக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும் 2019-இல் திருத்தப்பட்ட அதன் விதிகளும், 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் தன் பணியாளர் எண்ணிக்கையில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை பழகுநர்களைச் சேர்த்தே ஆக வேண்டும் என்கின்றன. 4 பேரிலிருந்து 29 பேர் வரை உள்ள பட்டறை விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம். காகிதத்தில் இது நன்றாகவே இருக்கிறது. நடைமுறையில் என்ன நடக்கிறது என்பதைத் தாங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். பழகுநர் என்று சேர்க்கப்படும் பையன் கணினி நிரலால் இயங்கும் ஒரே சிஎன்சி இயந்திரத்தின் முன் நிறுத்தப்படுகிறான்; கதவைத் திறந்து, துண்டை மாட்டி, பொத்தானை அழுத்தி, துண்டைக் கழற்றுவதே அவனுடைய ஓராண்டுப் படிப்பு. நிரல் எழுதுவதைப் பார்க்க அவனுக்கு அனுமதியில்லை, டூல் அறைக்குள் நுழைய அனுமதியில்லை, ஒரு துண்டு ரிஜெக்ட் ஆனால் ஏன் ஆனது என்று தரப் பரிசோதகர் அவனுக்கு விளக்குவதில்லை. ஆண்டு முடிந்ததும் சான்றிதழ் கிடைக்கிறது, உற்பத்தியும் குறைந்த செலவில் நடந்துவிடுகிறது. இதைப் பயிற்சி என்று சொல்ல நாயுடு ஒப்பியிருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

ஒரு பட்டறை உரிமையாளராக மற்றொரு பக்கத்தையும் நான் சொல்லியாக வேண்டும். பையனுக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தால் ஆறாவது மாதம் அவன் ஓசூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போய்விடுகிறான் என்ற அச்சம் பொய்யன்று, எனக்கும் நடந்திருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பட்டறையும் தனித்தனியே கற்பிக்கும்போதுதான் ஒருவர் போட்ட விதையை மற்றொருவர் அறுத்துக்கொண்டு போகிறார். பத்துப் பட்டறைகள் சேர்ந்து ஒரே பழகுநர் குழுவை வைத்துக்கொண்டு, ஃபவுண்டரி எனும் வார்ப்படப் பட்டறையில் சில மாதம், லேத் எனும் கடைசல் இயந்திரத்தில் சில மாதம், மோட்டாருக்குச் சுருள் சுற்றும் வைண்டிங்கில் சில மாதம், தரப் பரிசோதனையில் சில மாதம் என்று அவர்களைச் சுழற்சியில் அனுப்பினால், ஆள் எங்கே போய்ச் சேர்ந்தாலும் இழப்பு பகிர்ந்துகொள்ளப்படும், பலனும் இந்த ஊருக்குள்ளேயே சுற்றும். தனியொரு முதலாளியால் இதைச் செய்ய முடியாது. பத்து முதலாளிகளை ஒரு மேசையில் உட்காரவைக்கும் சக்தி உள்ள அமைப்பால்தான் முடியும். அமைப்பு என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தானே?

இயந்திரத்தைக் கற்றுக்கொடுப்பது பாதி வேலைதான். நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது அடுத்த பாதியை. நல்ல தொழிலாளி தனிப் பட்டறை வைத்து மூன்று ஆண்டுக்குள் கடையைச் சாத்துவதற்குக் காரணம் பெரும்பாலும் அவனுடைய கைத்திறன் குறைவாக இருந்தது அன்று, அவனுக்குக் கொட்டேஷன், அதாவது வேலைக்கு விலை கணக்கிட்டுச் சொல்லும் விலைப்புள்ளி, போடத் தெரியாமல் இருந்ததுதான். எனக்குத் தொழில் கற்றுத் தந்த முதலாளி இப்போது உயிரோடு இல்லை. பெயரைச் சொல்வதை அவரே விரும்பியிருக்கமாட்டார் என்பதால் தவிர்க்கிறேன். நான் தனியே போகப்போகிறேன் என்று தெரிந்த பிறகு, வேலை முடிந்த மாலைகளில் தன்னுடைய கொட்டேஷன் நோட்டை என் முன்னால் விரித்துவைத்து, எந்த வாடிக்கையாளருக்கு என்ன விலை சொன்னார், எதில் லாபம் வந்தது, எதில் கையைச் சுட்டுக்கொண்டார் என்று ஒளிவுமறைவில்லாமல் காட்டினார். போட்டியாளராக வரப்போகிறவனிடம் விலைக் கணக்கைக் காட்டும் முதலாளியை இன்று நான் எங்கே தேடுவது?

அவர் சொன்ன கணக்கு எளிமையானது, ஆனால் எந்தக் கருத்தரங்கிலும் அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு துண்டு தயாராகும் நேரத்தை மட்டும் பார்த்து விலை சொல்லாதே. இயந்திரத்தைச் செட்டிங் செய்ய இரண்டு மணி நேரம் ஆகிறது என்றால், 100 துண்டு எடுக்கும்போது அது ஒவ்வொரு துண்டின் மேலும் 1.2 நிமிடமாக ஏறி உட்காரும், 10,000 துண்டு எடுக்கும்போது ஒரு நொடிகூட வராது. ஆகவே சிறிய ஆர்டரையும் பெரிய ஆர்டரையும் ஒரே விலைக்கு ஒப்புக்கொண்டவன் சிறிய ஆர்டரில் ரத்தம் சிந்துவான். இன்சர்ட் எனும் வெட்டுமுனையின் தேய்மானம், ரிஜெக்‌ஷன், ஸ்கிராப்பில் திரும்பி வரும் தொகை, வண்டி வாடகை ஆகியவற்றைத் தனித்தனியே எழுது. பணம் மூன்று மாதம் கழித்து வரும் என்று தெரிந்தால் அந்த மூன்று மாத வட்டியையும் விலைக்குள் வை. வசூலாகும் ஜிஎஸ்டி உன் பணமன்று, அதைத் தனிக் கணக்கில் போட்டு மற. அதை எடுத்துச் சம்பளம் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து உன் பட்டறை நொண்டும். ஒரே வாடிக்கையாளரின் வாய்ச்சொல்லை நம்பி ஈஎம்ஐ-யில் புது இயந்திரம் வாங்காதே. அவர் ஆர்டரை நிறுத்துவதற்கு ஒரு தொலைபேசி அழைப்பு போதும், வங்கி தவணையை நிறுத்தாது. கடைசியாக அவர் சொன்னது, எந்த ஆர்டரை வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்பதைக் கற்றுக்கொள்ளாதவன் தொழில் செய்ய வேண்டாம், நல்ல சம்பளத்துக்கு வேலைக்குப் போகட்டும் என்பது. நான் வெளியே வந்தபோது அவருடைய பழைய லேத் ஒன்றைத் தவணையில் கொடுத்ததும், என் முதல் ஆர்டரைக் கொடுத்ததும் அவர்தான். இது அவர் ஒருவரின் அதிசய குணம் என்று நினைக்க வேண்டாம். இந்த ஊரில் ஒரு காலத்தில் பரவலாக இருந்த வழக்கம் இது. பிரிந்து போகிறவனுக்கு ஓர் இயந்திரமும் ஒரு ஜாப் ஒர்க்கும் (பிறருக்காகக் கூலிக்குச் செய்துதரும் வேலை) கொடுத்து அனுப்புவது பல முதலாளிகள் செய்ததுதான்.

அந்த வழக்கம் ஏன் மங்கியது? முதலாளியின் மனம் சுருங்கிவிட்டது என்று சொல்வது எளிது, ஆனால் அது முழு உண்மையன்று. முன்பு ஒரு பழைய லேத்தும் கற்ற கையும் இருந்தால் தனிப் பட்டறை வைக்க முடிந்தது. இன்று வாடிக்கையாளர் கேட்கும் நுணுக்கத்துக்குப் பல லட்சம் ரூபாய் இயந்திரமும், தரச் சான்றும், அளவீட்டுக் கருவிகளும் வேண்டியிருக்கின்றன. பெரிய நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் தருவோரின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே வருகின்றன. புதியவன் பட்டியலுக்குள் நுழைவதே கடினம். ஆகவே பழைய முதலாளியின் தனி மனிதத் தயாளம் இனிமேல் போதாது. அன்று தனி ஆள் செய்ததை இன்று அமைப்பு செய்ய வேண்டியிருக்கிறது: பொதுவான அளவீட்டு ஆய்வகத்தில் புதியவருக்கு முதல் ஆண்டில் கட்டணச் சலுகை, மூத்த உறுப்பினர் ஒருவரின் உத்தரவாதக் கடிதத்தோடு கொள்முதல் பட்டியலில் இடம், கொட்டேஷன் போடவும் மறுக்கவும் சொல்லித்தரும் ஒரு மூத்தவர். இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை, சிலருடைய நேரம்தான் தேவை.

இன்னொன்றையும் மனம் கசந்தாலும் எழுதியாக வேண்டும். வழிகாட்டுகிறோம் என்று மேடையில் சொல்லிவிட்டு, சிறிய பட்டறையின் பில்லை ஆறு மாதம் மேசையில் வைத்திருந்தால் அந்த வழிகாட்டுதலுக்குப் பொருளே இல்லை. குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ வேலையோ வாங்கியவர் எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள்ளும், இல்லாவிட்டால் 15 நாளுக்குள்ளும் பணம் கொடுக்க வேண்டும், தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டம் தெளிவாகவே சொல்கிறது. சட்டப்படி புகார் கொடுக்கும் ஜாப் ஒர்க்காரர் எத்தனை பேர்? புகார் கொடுத்தவருக்கு அடுத்த ஆர்டர் வராது என்பது தெருவில் விளையாடும் குழந்தைக்கும் தெரியும். தங்கள் அமைப்புகளின் செயற்குழுவில் இருப்பவர்கள் மட்டுமாவது, எங்கள் நிறுவனத்தில் சிறியவரின் பில் 45 நாளைத் தாண்டாது என்று எழுத்தில் உறுதி கொடுத்து, அதைத் தங்கள் அலுவலகச் சுவரில் ஒட்டிவைக்கட்டும். நாயுடுவின் படத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டலாம், அவர் கோபித்துக்கொள்ளமாட்டார்.

அவருடைய பெயரில் மேலும் ஒரு விருது வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே வெற்றி பெற்றவருக்குப் பொன்னாடை போர்த்துவதற்கு இந்த ஊரில் மேடைகளுக்குப் பஞ்சமில்லை. பருத்தியில் பணத்தை இழந்துவிட்டு நின்ற அந்த இளைஞருக்கு அன்று எந்த விருதும் கிடைத்திருக்காது என்பதை நினைத்துப் பார்த்தால் போதும். தொழிலில் ஒருமுறை தோற்றவர், மீண்டும் எழுந்து வர விரும்புகிறவர் தங்கள் அமைப்பின் படியேறி வந்தால் அவரை உட்காரவைத்துப் பேச யார் இருக்கிறார்கள்? கடனை மறுசீரமைப்பது எப்படி, எந்த இயந்திரத்தை விற்பது, எதை விடாமல் வைத்துக்கொள்வது, தொழிலாளருக்கு என்ன சொல்வது என்று அவரோடு உட்கார்ந்து கணக்குப் பார்க்க ஓய்வுபெற்ற உறுப்பினர்கள் பலர் ஆயத்தமாக இருப்பார்கள். அவர்களைக் கேட்டால் போதும். யாரும் கேட்பதில்லை என்பதால்தான் அவர்கள் காலையில் நடைப்பயிற்சியும் மாலையில் தொலைக்காட்சியுமாக இருக்கிறார்கள்.

அந்த மூத்தவர்கள் நெடுங்காலம் இருக்கப் போவதுமில்லை. வார்ப்படத்துக்கான மாதிரியை (பேட்டர்ன்) மரத்தில் செதுக்கியவர்கள், உருகிய இரும்பின் நிறத்தைப் பார்த்தே வெப்பம் சொன்னவர்கள், வரைபடமில்லாமல் மோட்டாரைப் பிரித்துச் சுருள் எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு மீண்டும் சுற்றியவர்கள் இன்னும் சிலர் இந்த ஊரில் இருக்கிறார்கள். நாயுடு 1974 ஜனவரி 4 அன்று மறைந்தார். அவரை நேரில் பார்த்து வேலை செய்தவர்களில் எஞ்சியிருப்போர் பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்களாகவே இருப்பார்கள். அவருடைய கருவிகளை அருங்காட்சியகம் பாதுகாத்துவருகிறது. அவர் பட்டறையில் ஒரு புதியவனை எப்படி நடத்தினார், தவறு செய்தவனிடம் என்ன சொன்னார், நேரம் தவறியவனை என்ன செய்தார் என்பதெல்லாம் மனிதர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஒரு கைப்பேசியும் பொறுமையுள்ள இரண்டு மாணவர்களும் கிடைத்தால் அதைப் பதிவுசெய்துவிட முடியும். இதை அடுத்த ஆண்டுக்கு என்று தள்ளிவைக்க வேண்டாம்.

வரும் மார்ச் 23 அன்று தாங்கள் வழக்கம்போல் கூட்டம் நடத்துவீர்களானால், உரைகளின் எண்ணிக்கையைக் குறைத்து, சுழற்சிமுறைப் பழகுநர் திட்டத்தில் சேர முன்வரும் பட்டறைகளின் பெயர்ப் பதிவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குமாறு வேண்டுகிறேன். முதல் பத்துப் பெயர் சேர்ந்துவிட்டால், பழகுநர் ஆலோசகர் அலுவலகத்தில் செய்ய வேண்டிய பதிவுகளை அமைப்பின் அலுவலகமே பார்த்துக்கொள்ளட்டும். சிறு பட்டறைக்காரர்கள் இதில் ஒதுங்கி நிற்பதற்கு முக்கியக் காரணம் அந்தக் காகித வேலைதான். என் பட்டறையில் இருவரைச் சேர்த்துக்கொள்கிறேன். லேத்தும் மில்லிங்கும் மட்டுமன்று, என்னுடைய கொட்டேஷன் நோட்டும் அவர்களுக்குத் திறந்தே இருக்கும்.

பதிலை எதிர்பார்க்கும்,
ஜாப் ஒர்க் பட்டறை நடத்தும் தங்கள் உறுப்பினர் ஒருவன்,
கோயம்புத்தூர்.